திருச்சிக்குள்ளயே ஒரு தீவு: அங்க நிலம் வாங்கலாமா?

போன ஆடி மாசம், ஒரு சனிக்கிழமை காலையில ஆறரை மணிக்கு நான் சத்திரம் பஸ் ஸ்டாண்ட்ல கல்லணை பஸ்ஸுக்காக நின்னுட்டிருந்தேன். ஃபோன்ல ஒரு பட்டா. பேங்க் அக்கவுண்ட்ல ரெண்டு லட்சம், அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணத்துலேர்ந்து வந்தது. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அதை ஒரு புரோக்கருக்கு அட்வான்ஸா அனுப்பணும். அனுப்பினேனா இல்லையாங்கிறதுதான் இன்னிக்கு எபிசோட்.

இது ஆரம்பிச்சது இந்தோனேசியாவுல. லோம்போக் பக்கம் ஒரு குட்டித் தீவு, மீன்பிடி கிராமம். வெளிநாட்டு ஜோடி ஒண்ணு மூங்கில் வீடு கட்டிக்கிட்டு லேப்டாப்ல வேலை பார்க்குற வீடியோ. உங்களுக்கும் வந்திருக்கும். அதை காலேஜ் குரூப்ல போட்டு, "வாழ்ந்தா இப்படி வாழணும்"னு எழுதினேன். ஒருத்தன் பதில் போட்டான்: "டேய், உங்க ஊரே தீவுதானடா."

உண்மைதான். முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுது. தெக்கால போறது காவிரி, வடக்கால போறது கொள்ளிடம். கல்லணை வரைக்கும் சுமார் 30 கிலோமீட்டருக்கு ரெண்டு ஆத்துக்கும் நடுவுல இருக்கிற நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. நம்ம எல்லாரும் கோயிலோட திரும்பிடுறோம். திருவானைக்கோயில் தாண்டி கிழக்கால போனா பனையபுரம், உத்தமர்சீலி, கிளியூர்னு கிராமங்கள். ரெண்டு பக்கமும் வாழை. சத்திரத்துலேர்ந்து டவுன் பஸ்ல ஏறினா போதும்.

அங்கதான் எனக்கு பத்து சென்ட் "பண்ணை நிலம்" காட்டினாங்க.

இந்தோனேசியாவுல என்ன நடக்குது?

முதல்ல அந்த வீடியோவுல சொல்லாத விஷயத்தைப் பார்ப்போம். இந்தோனேசியாவோட 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு சொந்த உரிமை அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். அதுக்குப் பேர் ஹக் மிலிக். வெளிநாட்டுக்காரங்களுக்கு லீஸ், இல்லன்னா குறிப்பிட்ட வருஷத்துக்கு பயன்படுத்துற உரிமை. சிலர் உள்ளூர்க்காரர் பேர்ல நிலத்தை வாங்கி, தனியா ஒரு ஒப்பந்தம் எழுதி வெச்சுக்குவாங்க. பிரச்சனைன்னு வந்தா அது சட்டத்துல நிக்காது. மண்ணு அவர் பேர்ல, பணம் மட்டும் உங்களோடது.

நம்ம ஊர்ல அந்தத் தொல்லை இல்லைன்னுதான் நானும் நினைச்சேன். தமிழ்நாட்டுல விவசாயி இல்லாதவங்களும் விவசாய நிலம் வாங்கலாம். ஈசி எடுத்தேன், 30 வருஷத்துக்கு சுத்தம். பட்டாவுல பேர் சரி. எங்க வேலையில ஒரு பாடம் உண்டு: லாக்ல எரர் இல்லங்கிறதாலயே சிஸ்டம் ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தம் கிடையாது. அது அன்னிக்கு ஞாபகம் வரல.

அந்த மண்ணுல எனக்கு முன்னாடியே மூணு பேருக்கு பாத்தியதை இருக்கலாம்னு அங்க போன பிறகுதான் புரிஞ்சது. ஆறு, கோயில், குத்தகைக்காரர்.

முதல் ஆள்: ஆறு

மேட்டூர் அணையோட முழு நீர்மட்டம் 120 அடி. அது நிரம்பிட்டா, உள்ள வர்ற தண்ணி அப்படியே வெளிய வரும். 2018, 2022, 2024 மூணு வருஷமும் ஆகஸ்ட்ல விநாடிக்கு லட்சம் கனஅடிக்கு மேல திறந்தாங்க. வெள்ளத்தோட பெரும்பகுதியை முக்கொம்புல கொள்ளிடத்துக்குத் திருப்பி விடுவாங்க. அங்க பழைய மேலணை 1836-ல ஆர்தர் காட்டன் காலத்துல கட்டினது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அதுல ஒன்பது மதகு உடைஞ்சு போச்சு.

இதுல தீவுக்கு என்ன? கொள்ளிடம் காவிரியை விடப் பள்ளம். காவிரி ரொம்ப ஏறினா, உத்தமர்சீலி பக்கம் தண்ணி ரோட்டைத் தாண்டி கொள்ளிடத்தைப் பார்த்து இறங்கும். நடுவுல இருக்கிறது வாழைத் தோப்பு. வாழை அறுவடைக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். வேர்ல நாலஞ்சு நாள் தண்ணி நின்னா அழுகிடும். அதாவது ஒரு வாரத்து வெள்ளம் ஒரு வருஷ வருமானத்தைக் கொண்டு போயிடும். புரோக்கர் நிலம் காட்டினது சித்திரை மாசம். சித்திரையில எல்லா நிலமும் மேடாத்தான் தெரியும்.

அங்கயே வாழறதுன்னா பாலத்தையும் கணக்குல சேர்க்கணும். 2022 செப்டம்பர்ல காவிரிப் பாலத்தை பராமரிப்புக்காக மூடினாங்க, திறந்தது 2023 மார்ச்ல. சத்திரத்துலேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற ஸ்ரீரங்கத்துக்கு அந்த ஆறு மாசம் பஸ்ஸும் காரும் சுத்திக்கிட்டுதான் போச்சு.

ரெண்டாவது ஆள்: கோயில்

ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்கு அடிமனைப் பிரச்சனைன்னா விளக்கவே வேண்டாம். வீடு நம்மளோடது, அது நிக்கிற மண்ணு யாரோடதுங்கிறது வழக்கு. அதனால தீவுல எங்க வாங்கினாலும் இதைப் பார்த்தே ஆகணும். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்துல 34-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடவோ ஆணையர் அனுமதி வேணும். அது இல்லாம செஞ்சா செல்லாது. நீங்க நல்ல எண்ணத்தோட வாங்கினீங்களா, எத்தனை கை மாறி வந்துச்சுங்கிறதெல்லாம் உங்களைக் காப்பாத்தும்னு நம்ப முடியாது.

ஈசி 30 வருஷத்தைத்தான் காட்டுச்சு. கோயிலுக்கு நிலம் போனது அதுக்கும் பல தலைமுறை முன்னாடியா இருக்கலாம். அதனால தாலுகா ஆபீஸ்ல ஏ ரிஜிஸ்டரையும், பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் பார்க்கணும். எனக்குக் காட்டின நிலம் இதுல தப்பிச்சது. சந்தோஷமாத்தான் பஸ் ஏறினேன்.

மூணாவது ஆள்

நிலத்துல ஒரு பெரியவர் வாழைக்கு முட்டுக் கொடுத்துட்டிருந்தார். "யாரைப் பாக்கணும் தம்பி?"ன்னார். நிலம் வாங்க வந்திருக்கேன்னு சொன்னேன். அருவாளைக் கீழ வெச்சார்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த ரெண்டு மா நாங்கதான் பயிர் பண்றோம். வருஷா வருஷம் குத்தகை குடுத்துட்டுதான் இருக்கோம். விக்கிறாங்கன்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையே?"

டெல்டாவுல மாங்கிறது நிலக் கணக்கு, ஏறக்குறைய 33 சென்ட். அவர் சொன்ன ரெண்டு மாவுக்குள்ளதான் என்னோட பத்து சென்ட் இருந்துச்சு.

தமிழ்நாட்டுல 1955-லேர்ந்து சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. குத்தகை பாக்கி மாதிரி சட்டம் சொல்ற காரணம் இருந்தால் ஒழிய, அதுவும் வருவாய் நீதிமன்றம் வழியாத்தான், குத்தகைதாரரை வெளியேத்த முடியும். நிலம் கை மாறிட்டதாலயே அவர் உரிமை போயிடாது. இதுல பல பேர் வாய்மொழிக் குத்தகை. ஈசியில வராது, பட்டாவுல வராது. நிலத்துல போய் நின்னு பேசினாத்தான் வரும்.

சட்டத்தை விடுங்க. என்னோட வார இறுதி மூங்கில் வீட்டுக்காக அவரோட வருஷம் முழுக்க உள்ள பொழப்பு போகணும். இது எந்த வீடியோவுலயும் வராது. இந்தோனேசியத் தீவுலயும் அந்த ஜோடிக்கு முன்னாடி அங்க யாராவது தென்னை வெச்சுட்டுத்தான் இருந்திருப்பாங்க.

இன்னொண்ணு. பண்ணை நிலம்னு வித்தாலும் அது விவசாய நிலம்தான். நஞ்சையை மனையா மாத்த நகர் ஊரமைப்புத் துறை அனுமதியும் கலெக்டர் ஒப்புதலும் வேணும். அது இல்லாம வீட்டுக்கு பிளான் அப்ரூவல் எதிர்பார்க்காதீங்க.

அப்புறம்?

அட்வான்ஸ் அனுப்பல. பணத்தை அப்பாவுக்கே திருப்பி அனுப்பினேன். அவருக்கு வருத்தம்தான். "சொந்தமா ஒரு துண்டு மண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு பாத்தேன்"னு மட்டும் சொன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதுக்குப் பதிலா அதே ரோட்டுல ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆவணியிலேர்ந்து தை வரைக்கும் இருந்தேன். கரண்ட் போனா நெட்டும் போகும்னு தெரிஞ்சது. கடைசி பஸ்ஸை விட்டா சத்திரத்துலேர்ந்து ஆட்டோக்காரர் என்ன கேப்பார்னு தெரிஞ்சது. எந்தத் தோப்புல தண்ணி நிக்கும், எதுல வடியும்னு டீக்கடையிலயே சொல்லிட்டாங்க. ஒரு சர்வேயருக்கும் தெரியாத மேப் அது.

அதனால நான் சொல்றது இவ்வளவுதான். கிராமத்துல முதலீடு பண்ணணும்னா முதல்ல ஒரு மழைக்காலம் அங்க வாடகைக்கு இருங்க. ஈசியோட நிறுத்தாம ஏ ரிஜிஸ்டரைப் பாருங்க. நிலத்துக்குப் போய், "இதுல யார் பயிர் பண்றீங்க?"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு புரோக்கர் பதில் சொன்னா எடுத்துக்காதீங்க.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அந்த நிலத்துல ஒரு மூலைக்கு யாரோ கம்பி வேலி போட்டிருந்தாங்க. பெரியவர் வேலிக்கு இந்தப் பக்கம் வாழைக்கட்டை நட்டுட்டிருந்தார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.