பருவத்துக் காய்கறியும் சிறு தோட்டக்காரரும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் நாட்டுப் பழமொழி. விதைப்பவருக்குச் சொல்லப்பட்ட இவ்வறிவுரை உண்பவருக்கும் பொருந்தும் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, பகற்பொழுது குறுகிப் பனி விழத் தொடங்கிய பின்னரே பூத்துக் காய்க்கிறது. மார்கழியிலும் தையிலும் பந்தல் நிறையத் தொங்கும் அக்காயைச் சித்திரையில் தேடுவது வீண். சித்திரைக்கு வெள்ளரியும் கொத்தவரையும் உண்டு. பொங்கலன்று மொச்சையும் பூசணியும் சர்க்கரைவள்ளியும் நம் இல்லங்களுக்கு வருவது, அவை அப்பொழுது விளைந்து நிற்பதனாலேயே.

இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றிப் பயிரிடுவோருக்குப் பருவமே முதல் துணை. பட்டம் தவறிய பயிரை நோயும் பூச்சியும் எளிதில் பற்றும். அத்துடன் அவர்களது உழைப்பும் பெரிது. கொழிஞ்சியையும் தக்கைப்பூண்டையும் விதைத்து மடக்கி உழவேண்டும். தொழு உரத்தை மாதக்கணக்கில் மக்கவிட வேண்டும். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, 100 லிட்டர் கரைசலாக்கித் தெளிக்கவேண்டும். தக்காளிக்கு இடையே செண்டுமல்லி நட்டால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அப்பூவை நாடி முட்டையிடும். இவையாவும் கைவேலை, அரை ஏக்கர் தோட்டமானாலும் குடும்பம் முழுவதும் உழைத்தாகவேண்டும்.

இரசாயன முறையை விட்டு மாறும் நிலத்தை இயற்கை விளைநிலமென ஏற்பதற்கு, பருவப் பயிர்களைப் பொறுத்தவரை, பொதுவாக இரண்டாண்டுகள் காத்திருக்கவேண்டும். அவ்விரண்டாண்டுகளில் விளைச்சல் குறைவதுண்டு, விலையோ உயர்வதில்லை. பல சிறு தோட்டக்காரர் மனந்தளர்ந்து பழைய வழிக்கே திரும்புவது இவ்விடத்தில்தான். பறித்த கீரை மாலைக்குள் வாடிவிடுமாதலால், மண்டியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை.

இக்குறையை நீக்கச் சில ஏற்பாடுகள் தோன்றியுள்ளன. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகரின்றி உழவரே விற்க வழி செய்தது. மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் குறைவாகவும் அங்கே விலை குறிக்கப்படுகிறது. ஐந்து உழவரேனும் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்வையிட்டுச் சான்றளிக்கும் பங்கேற்பு உறுதிமுறையும் நடைமுறையில் உள்ளது. கூட்டுறவின் சாரமே இதில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் வாங்குவோர் இன்றேல் சந்தையால் பயன் என்ன? கூடை நிறையச் சுரைக்காயும் பீர்க்கங்காயும் இருக்க, 'கேரட் இல்லையா?' என்று கேட்டுவிட்டு நகர்ந்து செல்வோரை நாம் காண்கிறோம். கத்தரிக்காயில் ஒரு புழுத்துளை கண்டால் கூடையையே ஒதுக்குகிறோம்.

நெசவாள அன்பர்களிடம் இதனைச் சற்று உரிமையுடனேயே கூறுகிறோம். கைத்தறிப் புடவையை எடுத்துப் பார்த்து, விசைத்தறித் துணியின் விலையைச் சொல்லி வாடிக்கையாளர் திருப்பி வைக்கும்பொழுது நம் உள்ளம் படும் பாடு நமக்குத் தெரியும். இழையில் தெரியும் சிறு ஏற்றத்தாழ்வு குறையன்று, கைவேலையின் அடையாளம் என்று நாம் வாதாடுகிறோம். அதே நியாயத்தைத் தோட்டக்காரர் நம்மிடம் கேட்டால் மறுப்பது எவ்வாறு?

ஆகவே ஒரு யோசனை. ஒவ்வொரு சங்கத்திலும் இருபது குடும்பங்கள் சேர்ந்து, வாரம் ஒருமுறை அருகிலுள்ள இரண்டு மூன்று தோட்டங்களிலிருந்து காய்கறி பெற ஒப்புக்கொள்ளலாம். என்ன வேண்டுமென்று நாம் ஆணையிடாமல், அப்பருவத்தில் விளைந்ததை ஏற்கவேண்டும். பணத்தை அன்றே கொடுக்கவேண்டும். விதைக்கும் முன்பே இவ்வுறுதி கிடைத்தால், மாறும் காலத்து இரண்டாண்டுகளை அவர்கள் தாங்குவர்.

வரும் ஆடிக்குள் இதனைத் தங்கள் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். விதை மண்ணில் விழுமுன் நம் சொல் தோட்டக்காரரிடம் சேரட்டும்.