மண்மூட்டைக் குவிமாடம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மொஹாவி பாலைவனப் பகுதியிலுள்ள ஹெஸ்பீரியாவில் 1991இல் கால்எர்த் நிறுவனத்தைத் தொடங்கிய ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி வகுத்த மண்மூட்டைக் குவிமாட முறையில், சுவரும் கூரையும் மனையில் தோண்டிய மண்ணாலேயே எழும்புகின்றன. சிறிதளவு சிமென்ட் அல்லது சுண்ணாம்பு கலந்து ஈரமாக்கிய மண்ணைக் குழாய் போன்ற நீண்ட பாலிப்ரொப்பிலீன் பைக்குள் நிரப்பி, பாம்பு சுருண்டாற்போல் வட்டமாக இட்டு, திமிசுக்கட்டையால் தட்டி இறுக்குவர். இரு வரிகளுக்கிடையே கிடத்தப்படும் முள்கம்பி, மேல்பையையும் கீழ்ப்பையையும் கவ்விப் பிடித்துச் சாந்தின் வேலையைச் செய்வதோடு, சுவர் வெளிப்புறமாகப் பிதுங்காமலும் தடுக்கிறது. போர்க்களத்தில் அரணுக்குப் பயன்பட்ட மூட்டையும் முள்கம்பியும் 1995இல் ஈரானின் பனிநஜார் முகாமில் ஈராக்கிய அகதிகளுக்குக் குடிலாயின என்பது கருதத்தக்கது. தரையின் மையத்தில் பிணைத்த சங்கிலியால் அளந்து ஒவ்வொரு வரியையும் சற்றே உள்தள்ளி அமைப்பதால், தாங்குசாரம் இன்றியே உச்சி மூடிக்கொள்கிறது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல ஏற்று இரவில் வெளிவிடுவதால், மின்கட்டமைப்பைச் சாராமல் வாழ்வோருக்கு விசிறியின் தேவையும் விறகின் தேவையும் குறைகின்றன. வெயில் பட்டால் பையின் இழைகள் நைந்து உதிர்ந்துவிடும் என்பதால், வெளிப்பூச்சைத் தள்ளிப்போட இயலாது.