சுவரோவியமும் சமூகப் பங்கேற்பும்

தெருச்சுவரில் ஓவியம் தீட்டினால் குடியிருப்பு பொலிவு பெறும். ஆயின் அவ்வோவியம் யாருடையது என்பதும் எண்ணத்தக்கது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

1984ஆம் ஆண்டில் அந்நகர நிர்வாகம் சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்க ஓர் அமைப்பை நிறுவியது. ஓவியர் ஜேன் கோல்டன், கிறுக்கி வந்த இளைஞர்களையே சுவரோவியம் தீட்டுவோராகப் பயிற்றுவித்தார். 1996இல் அவ்வமைப்பு சுவரோவியத் திட்டமாக உருமாறியது.

இத்திட்டத்தில் ஓவியர் முதற்கண் குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்டறிகிறார். வரைவை அவர்கள்முன் வைத்துத் திருத்துகிறார். பின்னர் அவ்வரைவு மெல்லிய துணித்துண்டுகளில் எண்ணிட்ட பகுதிகளாக வரையப்படுகிறது. எண்ணுக்குரிய வண்ணத்தை நிரப்புவதற்கு ஓவியப் பயிற்சி வேண்டுவதில்லை. ஆதலின் பள்ளி மாணவரும், சாரம் ஏற இயலாத முதியோரும், சிறைவாசிகளும்கூடப் பங்கேற்க முடிகிறது. வண்ணமிட்ட துணிகள் இறுதியில் சுவரில் ஒட்டப்படுகின்றன.

இங்கு இரு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். வண்ணம் நிரப்புதல் உழைப்பில் பெறும் பங்கு. வரைவை மாற்றுதல் முடிவில் பெறும் பங்கு. பின்னதின்றி முன்னது மட்டும் அமையின், மக்கள் பிறர் கருத்துக்குக் கூலியின்றி வண்ணம் பூசுவோரே ஆவர். எனவே ஒரு குடியிருப்பின் சுவரோவியத்தை மதிப்பிடுங்கால், அதன் அழகோடு, அங்கு வாழ்வோரின் சொல்லால் வரைவில் மாறியது யாது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.