உலங்கு வானூர்தியின் கால்களும் உயிர்களின் பெறுமதியும்

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டைப் புரட்டிப்போட்டு 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்ட வேளையில், வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட கிராமங்களுக்கு உணவையும் மருந்தையும் கொண்டு சேர்த்தவற்றுள் உலங்கு வானூர்திகள் முக்கியமானவை. வன்னிப் பெருநிலப்பரப்பும் அந்த வெள்ளத்துக்குத் தப்பவில்லை. போர்க்காலத்தில் உலங்கு வானூர்தியின் இரைச்சல் கேட்டாலே பதுங்குகுழிகளை நோக்கி ஓடிய மக்கள், அதே இரைச்சலை உதவியின் அறிகுறியாகக் கேட்கும் காலமும் வந்தது. ஆயினும் நவம்பர் 30ஆம் திகதி, நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த விமானப்படையின் பெல் 212 ரக உலங்கு வானூர்தி லுணுவில பகுதியில் விபத்துக்குள்ளாகி அதன் விமானி உயிரிழந்தார். பிறருக்கு உதவச் சென்றவர் தமது உயிரைக் கொடுத்தார்.

அதே ஆண்டு மே 9ஆம் திகதி, மதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் இதே ரக வானூர்தி ஒன்று வீழ்ந்ததில், அதிலிருந்த 12 பேரில் 6 பேர் மாண்டனர். 2007 ஒக்டோபர் 22ஆம் திகதி, வவுனியாவிலிருந்து அநுராதபுரம் நோக்கி அனுப்பப்பட்ட பெல் 212 ஒன்று மிகிந்தலைக்கு அருகே வீழ்ந்து, அதிலிருந்த நால்வரும் பலியாயினர். இவை ஏன் வீழ்ந்தன என்று தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. வீழும்போது உள்ளிருப்போருக்கும் நிலத்துக்கும் இடையில் எது காவலாக நிற்கிறது என்பதையே நாம் இங்கு விளக்க விரும்புகின்றோம்.

அந்தக் காவல் மூன்று அரண்களைக் கொண்டது. முதலாவது, வானூர்தி தரையில் ஊன்றும் கால்கள். இரண்டாவது, உடலின் அடித்தளம். மூன்றாவது, பயணி அமர்ந்திருக்கும் இருக்கை. மூன்றும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: விழும் வேகத்தைச் சற்று நீண்ட தூரத்தில் தணிப்பது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வது இதற்காகத்தான். செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் விழும் ஒருவரை 5 சென்றிமீற்றருக்குள் நிறுத்தினால், அவரது உடல் நிறையைப் போல் ஏறத்தாழ 37 மடங்கு விசை அவரைத் தாக்கும். அதே வேகத்தை 30 சென்றிமீற்றரில் தணித்தால் அவ்விசை ஏறத்தாழ 6 மடங்காகக் குறைந்துவிடும். முன்னையது முள்ளந்தண்டை நொறுக்கக்கூடியது, பின்னையது தாங்கக்கூடியது.

பெல் 212 வானூர்திக்குச் சக்கரங்கள் இல்லை. வயிற்றின் கீழ் இருபுறமும் நீளவாக்கில் இரண்டு உலோகக் குழாய்களும், அவற்றை உடலுடன் பிணைக்கும் வளைந்த குறுக்குக் குழாய்களுமே அதன் கால்கள். பலமாகத் தரை தட்டினால் குறுக்குக் குழாய்கள் அகன்று வளைந்து அதிர்ச்சியை உள்வாங்கும். ஒருமுறை நிரந்தரமாக வளைந்த குழாய் அடுத்த அதிர்ச்சியை அவ்வாறு தாங்காது. அதனை மாற்றியே ஆகவேண்டும். எம்.ஐ. 17 போன்றவற்றில் சக்கரங்களும், அழுத்திய வாயுவும் எண்ணெயும் கொண்ட அதிர்ச்சி தாங்கிகளும் உள்ளன.

இயந்திரம் நின்றுவிட்டால் உலங்கு வானூர்தி கல்லைப் போல் விழுந்துவிடுவதில்லை. கீழிறங்கும்போது எதிர்ப்படும் காற்று சுழல் இறக்கைகளைத் தொடர்ந்து சுழற்றுகிறது. அச்சுழற்சியைக் கடைசிச் செக்கன்களில் மேலுதைப்பாக மாற்றி விமானி மெதுவாகத் தரையைத் தொட முயல்வார். அதில் எஞ்சும் வேகத்தை ஏற்பதே கால்களின் கடமை. அமெரிக்க சிவில் விதிகளின்படி கால்கள் பரிசோதனைக்காக விழவிடப்படும் உயரம் பொதுவாக 20 முதல் 33 சென்றிமீற்றர் வரையில்தான். அதாவது செக்கனுக்கு 2 முதல் 2.5 மீற்றர் வேகம். அதைவிட ஒன்றரை மடங்கு உயரத்திலிருந்து விழுந்தாலும் கால்கள் முற்றாகக் குலைந்துவிடலாகாது.

வியட்நாம் போரில் பெருந்தொகையான உலங்கு வானூர்திகளை இழந்த அமெரிக்க இராணுவம், அவ்விபத்துக்களை ஆராய்ந்து 1974இல் கடுமையான தரநிலை ஒன்றை வகுத்தது. செக்கனுக்கு 6.1 மீற்றர் வேகத்தில் சமதரையில் மோதினாலும் உடல் நிலத்தில் படாமல் கால்களே தாங்கவேண்டும், செக்கனுக்கு 12.8 மீற்றர் வேகத்தில் மோதினாலும் உள்ளிருப்போர் பிழைக்க வழியிருக்க வேண்டும். பின்னையது, 8 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு நிகரானது. 'பிளக் ஹோக்' வானூர்தி இந்தச் சிந்தனையில் பிறந்தது. 1960களில் உருவாகிய பெல் 212 அதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தது.

இனி வன்னியின் நிலத்தைப் பார்ப்போம். மேற்கூறிய அளவுகள் யாவும் கெட்டியான சமதரைக்கு உரியவை. மாரியில் நனைந்த வயற்சேற்றிலும், முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் கால்கள் புதையும். ஒரு கால் சேற்றில் சிக்கியிருக்க மறுகால் மேலெழுந்தால், சிக்கிய காலையே அச்சாகக் கொண்டு வானூர்தி சில செக்கன்களில் பக்கவாட்டில் புரண்டுவிடும். இரணைமடு, முத்தையன்கட்டு, பாவற்குளம் போன்ற குளங்களின் மேல் நிலைமை இன்னும் மோசமானது. நீருக்குள் கால்கள் எதிர்ப்பின்றி இறங்க, வானூர்தியின் வயிறே மோதலை ஏற்கிறது. இயந்திரமும் சுழலியும் மேலே இருப்பதால் அது விரைவில் தலைகீழாகும். மோதலில் தப்பியவரும் பட்டியை அவிழ்த்து வெளியேறத் தெரியாவிட்டால் மூழ்க நேரிடும்.

கால்களால் ஆகாத விபத்துக்களும் உண்டு. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களும் உடன் சென்ற அனைவரும் பலியான எம்.ஐ. 17 வானூர்தி, அரநாயக்கவின் மலைப்பகுதியில் வீழ்ந்தது. அந்த இழப்பின் வடு தமிழ் பேசும் மக்களின் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. மலைச்சரிவில் வேகத்துடன் மோதும் வானூர்தியைக் கால்கள் காப்பதில்லை. அவற்றின் காவல், செங்குத்தாக ஓரளவு வேகத்தில் விழும் விபத்துக்களுக்கே உரியது. உயிர் பிழைக்கக்கூடிய விபத்து என்று நிபுணர்கள் கூறுவது இத்தகையவற்றையே. இவற்றில் நேரும் மரணங்களே நம்மை வருத்த வேண்டியவை. ஏனெனில் அவை தடுக்கக்கூடியவை.

தடுக்கும் வழிகள் அறியப்படாதவையல்ல. 1989இல் திருத்தப்பட்ட அமெரிக்க விதிகள், செக்கனுக்கு 9.1 மீற்றர் வேக மோதலிலும் முள்ளந்தண்டில் விழும் சுமை 680 கிலோகிராமைத் தாண்டாத இருக்கைகளைக் கோரின. மோதலில் கிழியாத எரிபொருள் தாங்கிகள் 1970களில் அமெரிக்க இராணுவ வானூர்திகளில் பொருத்தப்பட்டபின், பிழைக்கக்கூடிய விபத்துக்களில் தீயால் மாள்வது ஏறக்குறைய இல்லாமற் போனது. எனினும் புதிய விதிகள் புதிய வடிவமைப்புகளையே கட்டுப்படுத்தின. பழையவை பழைய விதியின் கீழ் பறக்கலாம். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக மனித உடலின் எலும்பு வலிமை பெற்றுவிடாது.

எனவே நாம் வலியுறுத்துவது இவற்றையே. பழைய வானூர்திகளைச் சேவையில் வைத்திருப்பதாயின், அதிர்ச்சி தாங்கும் இருக்கைகளும் பாதுகாப்பான எரிபொருள் தாங்கிகளும் அவற்றில் பொருத்தப்பட வேண்டும். நீரின் மேல் பறப்போருக்கு, கவிழ்ந்த வானூர்தியிலிருந்து வெளியேறும் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வெள்ளத்தில் துண்டிக்கப்படும் பிரதேசங்கள் எவையென ஆண்டுதோறும் அறிவோம். அங்கெல்லாம் மேட்டுநிலத்தில் இறுகிய தரையுடைய இறங்குதளங்களை மாரிக்கு முன்னரே அமைத்துவைப்பது பெருஞ்செலவான காரியமன்று. விபத்து விசாரணைகளின் முடிவுகளும், இராணுவ இரகசியம் நீங்கலாக, மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

அடுத்த மாரியிலும் குளங்கள் வான்பாயும்; பாதைகள் அறுபடும்; நோயாளியையோ கர்ப்பிணித் தாயையோ ஏற்றிச்செல்ல ஓர் உலங்கு வானூர்தி வன்னியின் ஈரநிலத்தில் இறங்கும். அந்த இறக்கத்துக்கான ஆயத்தம் கோடையிலேயே தொடங்கவேண்டும்.