ஒளிவாள் ஏன் எரிந்துபோனது?

சில வாரங்களுக்கு முன் படிவம் 2 மாணவன் ஒருவன் பையிலிருந்து ஒரு 'லைட்சேபரை' எடுத்து என் மேசைமேல் வைத்தான். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வருமே, அந்த ஒளிவாள். ஈஜோக் பக்கத்துத் தோட்டத்துப் பையன். உடைந்த டார்ச் லைட்டின் உடம்பைக் கைப்பிடியாக்கி, அதில் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அடியில் ஒரு நீல எல்இடியை வைத்திருந்தான். தம்பியின் பிறந்தநாளுக்கான பரிசாம்.

"போட்டவுடனே பளிச்சென்று எரிஞ்சது டீச்சர். அப்புறம் ஒரு நாத்தம். அதோட சரி. பேட்டரி புதுசுதானே, ஏன் போச்சு?"

இன்னொரு குறையும் இருந்தது. கம்பிகளை முறுக்கி டேப் ஒட்டியிருந்தான். ஒருமுறை வீசியதுமே இணைப்பு கழன்றுவிட்டது. "இதெல்லாம் எனக்கு வராது டீச்சர்" என்று முடித்துக்கொண்டான்.

அந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1977இல் வந்த முதல் படத்தில் நாயகன் ஏந்திய வாளின் கைப்பிடியே ஒரு பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் பிடிதான். கிடைத்த பொருளைக் கொண்டு அவர்கள் செய்ததைத்தான் இவனும் செய்திருக்கிறான். அவனிடம் இல்லாதவை இரண்டு: ஒரு சிறிய கணக்கும் ஒரு கைப்பழக்கமும்.

எல்இடி சாதாரண பல்பு அல்ல

பழைய டார்ச் லைட் பல்பினுள் மெல்லிய கம்பி ஒன்று சூடேறி ஒளிரும். செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகும். ஆனால் கம்பி சூடேற ஏற அதன் மின்தடையும் கூடுவதால், பல்பு தன்னைத் தானே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும்.

எல்இடியில் கம்பி கிடையாது. இருவகைக் குறைக்கடத்திகள் சந்திக்கும் எல்லையில் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு விழும்போது, இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. விழும் உயரம் குறைவு என்றால் சிவப்பு. அதிகம் என்றால் நீலம். அதனால்தான் சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், நீலத்திற்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை அமெரிக்காவின் நிக் ஹோலோன்யாக் 1962இல் உருவாக்கினார். பிரகாசமான நீலத்திற்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நீல எல்இடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைப் பூசினால் கிடைப்பதே இன்று நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்இடி.

எல்இடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தேவையான மின்னழுத்தத்தைத் தாண்டிச் சிறிதளவு கொடுத்தாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறிவிடும். சூடேறினால் இன்னும் கூடுதலான மின்னோட்டத்தை உள்ளே விடும். அதனால் மேலும் சூடேறும். மாணவன் 9 வோல்ட் பேட்டரியை 3.2 வோல்ட் எல்இடியோடு நேராக இணைத்திருந்தான். வாய்க்காலுக்கு மடை வைக்காமல் அணையைத் திறந்துவிட்ட கதைதான்.

"என் கூட்டாளி பட்டன் பேட்டரியிலே நேரா வச்சான், எரியலையே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பட்டன் பேட்டரியின் மின்னழுத்தம் 3 வோல்ட்தான். அதற்குள்ளேயே மின்தடையும் அதிகம். அதுவே மடையாக அமைந்துவிடுகிறது. ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பட்டன் பேட்டரி வேண்டாம். விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

ஒரு வரிக் கணக்கு

நமக்கு வேண்டிய மடை, மின்தடையம். அதன் அளவைக் கண்டுபிடிக்க ஓம் விதி போதும்: பேட்டரியின் மின்னழுத்தத்திலிருந்து எல்இடியின் மின்னழுத்தத்தைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும்.

மூன்று ஏஏ பேட்டரிகளைத் தொடராக வைத்தால் 4.5 வோல்ட். சாதாரண சிறிய எல்இடி தாங்கும் மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர்.

சிவப்பு வாளுக்கு: 4.5 – 2 = 2.5. அதை 0.02ஆல் வகுத்தால் 125 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 150 ஓம்.

நீல வாளுக்கு: 4.5 – 3.2 = 1.3. அதை 0.02ஆல் வகுத்தால் 65 ஓம். கிடைப்பது 68 ஓம்.

ஆக, வாளின் நிறம் மாறினால் மின்தடையமும் மாற வேண்டும். சரியான அளவு கிடைக்காதபோது எப்போதும் பெரியதையே எடுங்கள். ஒளி சற்றுக் குறையும், எல்இடி பிழைக்கும்.

சிறிய எல்இடி ஒன்றினால் முழுக் குழாயையும் ஒளிரச் செய்ய முடியாது. அதற்கு 1 வாட் எல்இடி வேண்டும். இங்கே மின்தடையத்தின் ஓம் அளவோடு அதன் வாட் அளவையும் பார்க்க வேண்டும். நீல எல்இடிக்கு 0.3 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் வேண்டுமென்றால், 1.3ஐ 0.3ஆல் வகுத்து 4.3 ஓம், 4.7 ஓம் வாங்கலாம். அதில் ஏறக்குறைய 0.36 வாட் வெப்பம் உண்டாகும். வழக்கமான கால் வாட் மின்தடையம் அங்கே கருகிவிடும். 1 வாட் மின்தடையமாகக் கேட்டு வாங்குங்கள். எல்இடியின் முதுகிலும் வெப்பம் உண்டு. அதை ஓர் அலுமினியத் துண்டின்மேல் வெப்பப் பசையோடு பொருத்தினால் சூடு அதில் இறங்கிவிடும்.

ஈயம் எப்படிப் பற்றுகிறது?

அடுத்தது, கழன்றுபோன கம்பி. இதற்குத் தேவை சால்டரிங். மலாய்ப் பாடத்தில் 'மெமாத்ரி' என்பார்கள். இது நம்மவருக்குப் புதியதல்ல. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் முதலில் பாத்திரத்தைத் தேய்த்துச் சூடாக்குவார், நவச்சாரத்தைத் தூவுவார், பிறகுதான் ஈயத்தைத் தொட்டு இழுப்பார். சுத்தம், சூடு, நவச்சாரம், ஈயம்: சால்டரிங்கின் வரிசையும் இதேதான். நவச்சாரத்தின் இடத்தில் இங்கே பைன் மரப் பிசின் இருக்கிறது. சால்டர் கம்பியின் நடுவிலேயே அதை வைத்திருப்பார்கள். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு அழுக்கை அது நீக்கும். நீக்கினால்தான் ஈயம் பற்றும்.

ஈயம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உலோகங்கள் இரண்டு. வெள்ளீயம் 232 பாகையில் உருகும். காரீயம் 327 பாகையில் உருகும். 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்தால், இரண்டையும்விடக் குறைவாக 183 பாகையிலேயே உருகிவிடும். காரீயம் நஞ்சு என்பதால் இப்போது காரீயமற்ற சால்டரும் விற்கிறார்கள். வெள்ளீயத்துடன் சிறிது செம்பு கலந்தது 227 பாகையில் உருகும். பிள்ளைகள் பயன்படுத்த இதுவே நல்லது.

சால்டர் என்பது பசை அல்ல. உருகிய வெள்ளீயம் செம்புக் கம்பியின் மேற்பரப்போடு வினைபுரிந்து, இடையில் மிக மெல்லிய கலவை அடுக்கு ஒன்றை உருவாக்குகிறது. பிடிப்பு அங்கேதான். செம்பு சூடேறவில்லை என்றால் அந்த அடுக்கு உருவாகாது. சால்டர் வெறும் உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும். முதல்முறை செய்பவர்களில் பலர் தவறுவது இங்கேதான். சால்டரை இரும்பின் நுனியில் உருக்கி, சொட்டாகக் கொண்டுபோய்க் கம்பிமேல் விடுகிறார்கள். வழியிலேயே பிசின் புகைந்துபோகும். கம்பி குளிர்ந்தே இருக்கும்.

சரியான முறை இது:

1. கம்பியின் உறையை உரித்து, செம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

2. சுருங்கு குழாயை முதலில் கம்பியில் மாட்டிவிடுங்கள். இணைத்த பிறகு மாட்ட வழியிருக்காது. நானும் இதை மறந்து, பற்றவைத்ததைப் பிரித்தவள்தான்.

3. இரும்பு, சால்டர் உருகும் அளவைவிட நன்றாகவே சூடாக இருக்க வேண்டும். 350 பாகை சரியான அளவு. ஈரப் பஞ்சில் நுனியைத் துடைத்து, அதில் சிறிது சால்டர் பூசுங்கள். நுனி வெள்ளிபோல மின்ன வேண்டும்.

4. இணைக்கப்போகும் இரு முனைகளிலும் தனித்தனியே ஈயம் பூசிவைத்துக்கொள்ளுங்கள்.

5. இரண்டையும் சேர்த்து, இரும்பை இணைப்பின் ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கத்திலிருந்து சால்டரைக் கொடுங்கள். இணைப்பின் சூட்டிலேயே சால்டர் உருகி ஓட வேண்டும்.

6. இரண்டு மூன்று விநாடிகளில் முடித்துவிடுங்கள். அதிகச் சூடு எல்இடிக்கு ஆகாது. சால்டர் உறையும்வரை கம்பியை அசைக்கக் கூடாது.

நல்ல இணைப்பு கம்பியைத் தழுவியபடி சரிவாக இறங்கியிருக்கும். மோசமான இணைப்பு உருண்டையாகத் திரண்டிருக்கும். காரீயமற்ற சால்டர் இயல்பாகவே சற்று மங்கலாக உறையும். எனவே பளபளப்பைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள்.

எல்இடியின் நீளமான கால் நேர்முனை. விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. பெரிய எல்இடிகளில் + – குறிகள் இருக்கும். மின்தடையம் எந்தக் காலில் இருந்தாலும் சரிதான். பற்றவைப்பதற்கு முன் முதலைக் கவ்விக் கம்பிகளால் முழுச் சுற்றையும் இணைத்து ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். இந்த ஒரு நிமிடம், பின்னால் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வாளுக்கு உடல்

குழாய்க்கு ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் சிறந்தது, அடித்தாலும் நொறுங்காது. எல்இடியின்மேல் ஒளியைக் குறுக்கும் சிறிய வில்லை ஒன்றை வைத்தால் ஒளி நுனிவரை போகும். ஆனால் தெளிவான குழாயில் ஒளி நேராகப் போய்விடும், குழாய் ஒளிராது. பரிசுப் பொருள் சுற்றும் கண்ணாடித் தாளைச் சுருட்டி உள்ளே விடுங்கள். அது ஒளியை வழியெங்கும் சிதறடிக்கும். நுனியில் ஒரு பளபளக்கும் வட்டத் தகட்டை வைத்தால் எஞ்சிய ஒளி திரும்பி வரும்.

இரண்டு பொருட்களைத் தொடவே வேண்டாம். ஒன்று, பழைய கலிமந்தா டியூப் லைட்: உடைந்தால் கண்ணாடித் துண்டுகளோடு பாதரசமும் வெளியேறும். இன்னொன்று, பழைய பவர்பேங்கிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரி: அதன்மேல் நேராகச் சால்டர் செய்தாலோ, இரு முனைகளும் ஒட்டிக்கொண்டாலோ தீப்பிடிக்கலாம். பேட்டரி கூட்டில் வைக்கும் ஏஏ பேட்டரியே போதும்.

சன்னல் திறந்திருக்கட்டும், பிசின் புகை மூச்சுக்கு ஆகாது. கண்ணாடி அணியுங்கள். வேலை முடிந்ததும், சாப்பிடுவதற்கு முன், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆற்றங்கரையில் இன்னொரு விளக்கு

நம் கோல சிலாங்கூர் பிள்ளைகளுக்குக் குளிர்ந்த ஒளி புதியதல்ல. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் அமர்ந்து ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில், விநாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை மினுக்குகின்றன. அங்கே எலக்ட்ரான் விழும் எல்லையும் இல்லை, பேட்டரியும் இல்லை. லூசிஃபெரின் என்ற பொருள் ஒரு நொதியின் உதவியால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளி பிறக்கிறது.

எல்இடி செய்பவர்களே மின்மினியிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். எல்இடிக்குள் பிறக்கும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். மத்திய அமெரிக்க மின்மினி ஒன்றின் வயிற்றுச் செதில்கள், கூரை ஓடுபோலச் சாய்ந்து அடுக்கப்பட்டு ஒளியை வெளியே விடுவதைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே வடிவத்தில் ஓர் எல்இடியின்மேல் பூச்சு அமைத்தபோது வெளிவந்த ஒளி 55 விழுக்காடு வரை கூடியது. இந்த ஆய்வு 2013இல் வெளியானது.

ஆனால் மின்மினியின் மினுக்கல் அது துணையோடு பேசும் மொழி. பக்கத்தில் வலுவான வெளிச்சம் இருந்தால் அந்தப் பேச்சு கேட்காது, இணை சேராது. ஆற்றுக்குப் போகும்போது ஒளிவாளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நாம் செய்த வெளிச்சத்தை எங்கே அணைக்க வேண்டும் என்பதும் அறிவியல்தான்.

அந்த மாணவன் மறுநாள் பள்ளி முடிந்து இருந்தான். முதல் இணைப்பு உருண்டையாகி, இழுத்தவுடன் வந்துவிட்டது. இரண்டாவதில் சுருங்கு குழாயை மறந்தான். மூன்றாவதை இழுத்தான், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான், வரவில்லை. "வருது டீச்சர்" என்றான்.

கெடாவின் கூலிமில் 2017இல் ஓஸ்ராம் நிறுவனம் எல்இடி சில்லுத் தொழிற்சாலை திறந்தது. அப்படிப்பட்ட இடங்களில் பொறியாளராக உட்காரப்போகிறவர்கள் எங்கிருந்தோ வருபவர்கள் அல்லர். வீட்டில் ஒரு டார்ச் லைட் கெட்டுப்போனால் தூக்கிப் போடாமல், அதைத் திறந்து பார்க்கும் பிள்ளையைத் திட்டாமல் விடுங்கள்.