ராத்திரி மிஞ்சின சாதம்... காலையில சூடு பண்ணிட்டா சரியாகிடுமா?

ராத்திரி சாப்பாடு முடிந்து பார்த்தால் ஒரு கிண்ணம் சாதம் மிச்சம். 'காலையில தாளிச்சு லெமன் சாதமா கிளறிடலாம்' என்று மூடிவைத்துவிட்டுப் படுப்பது பல வீடுகளில் வழக்கம். காலையில் முகர்ந்து பார்த்து, வாடை இல்லை என்றால் நேராக வாணலிக்குப் போய்விடும். சூடு பண்ணினால் கிருமி எல்லாம் செத்துடும் என்பதுதான் நம் கணக்கு. ஆனால், சாதத்தைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தப்பு.

சாதத்துல அப்படி என்ன பிரச்னை?

மண்ணில் இயல்பாகவே இருக்கும் 'பேசிலஸ் செரியஸ்' என்ற பாக்டீரியா, நெல்லோடு சேர்ந்து அரிசிக்கும் வந்துவிடும். இது 'ஸ்போர்' எனப்படும் கெட்டியான உறைக்குள் ஒளிந்திருக்கும். உலையில் கொதித்தாலும் சில ஸ்போர்கள் பிழைத்துக்கொள்ளும். சாதம் ஆறி வெதுவெதுப்பாகும்போது அவை முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். 5 டிகிரியில் இருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை உள்ள வெப்பநிலை உணவுக்கு ஆபத்தானது என்பார்கள். நம்ம ஊர் சமையலறையின் 30, 32 டிகிரி அதற்குள்தான் வருகிறது.

பெருகும்போது இந்த பாக்டீரியா 'செரியூலைடு' என்ற நச்சை சாதத்திலேயே உருவாக்கலாம். மறுபடி சூடுபடுத்தினால் பாக்டீரியா சாகும். நச்சு அழியாது. குக்கருக்குள் இருக்கும் சுமார் 120 டிகிரி வெப்பத்தையே தாங்கக்கூடியது அது. வாடை, நிறம், ருசி எதிலும் வித்தியாசம் தெரியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி வரலாம். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். ஆனால் குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகளுக்கு வாந்தி நிற்கவில்லை என்றாலோ, சோர்ந்துபோய் சிறுநீர் குறைந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, எவ்வளவு நேரம் வெளியில வைக்கலாம்?

மிஞ்சும் என்று தெரிந்தால் 1 மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். என்ன ஆனாலும் 2 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்ததையும் 24 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். எடுத்து ஆவி பறக்கச் சூடுபடுத்துங்கள், அதுவும் ஒரே ஒரு முறை. சூடு பண்ணி மீந்ததை மறுபடி உள்ளே வைக்காதீர்கள்.

'சூடா வெச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடுமே?'

இப்படிப் பயந்துதான் பலர் ராத்திரி முழுக்க சாதத்தை மேடையிலேயே விட்டுவிடுகிறோம். கொதிக்கக் கொதிக்க ஒரு பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால், பக்கத்தில் இருக்கும் பாலும் காயும் சூடாகும் என்பது உண்மை. அதற்கு வழி இருக்கிறது. சாதத்தை அகலமான தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி ஃபேன் காற்றில் வையுங்கள். சீக்கிரமே சூடு அடங்கிவிடும். பிறகு, உயரம் குறைவான சின்ன டப்பாக்களில் போட்டு உள்ளே வையுங்கள். பெரிய பாத்திரத்தில் அழுத்தி வைத்தால் நடுவில் இருக்கும் சாதம் குளிர ரொம்ப நேரமாகும்.

ஹாட் பேக், ரைஸ் குக்கர் ஓகேவா?

ஹாட் பேக் தானாகச் சூடாக்காது, இருக்கிற சூட்டைப் பிடித்துவைக்கும். அவ்வளவுதான். மதியம் போட்ட சாதம் சாயங்காலம் திறக்கும்போது கைக்கு இதமாக இருந்தால், அது 60 டிகிரிக்குக் கீழே எப்போதோ இறங்கிவிட்டது என்று அர்த்தம். ராத்திரிவரை அதை வைக்கக் கூடாது. ரைஸ் குக்கரின் 'கீப் வார்ம்' பொதுவாக 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கும். ஆனால் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டாலோ, கரன்ட் போய்விட்டாலோ அதுவும் ஒரு ஹாட் பேக்தான்.

குழம்பை மட்டும் சுண்டவெச்சுச் சாப்பிடுறோமே?

புளி, உப்பு, எண்ணெய் தூக்கலாக இருக்கும் வத்தக்குழம்பு, காரக்குழம்பில் கிருமிகள் அவ்வளவு சுலபமாக வளராது. அதனால்தான் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டார்கள். சாதத்தில் புளிப்பும் கிடையாது, காரமும் கிடையாது. காலையில் எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் ராத்திரியே உருவான நச்சை அது ஒன்றும் செய்யாது.

அப்போ பழைய சோறு?

பழைய சோறு கதையே வேறு. ஆறிய சாதத்தில் உடனே தண்ணீர் ஊற்றி வைக்கும்போது, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி அதைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அடக்குகிறது. இதற்கு ராத்திரி வடித்த சாதம், சுத்தமான பாத்திரம், காய்ச்சி ஆறிய தண்ணீர் வேண்டும். காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். மதியம் வடித்துப் பொழுதெல்லாம் வெளியில் கிடந்த சாதத்தில் ராத்திரி தண்ணீர் ஊற்றினால் பாதுகாப்பு கிடையாது. கொழகொழப்போ, அழுகல் வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

டிபன் பாக்ஸுக்கு வேண்டவே வேண்டாம்

ராத்திரி முழுக்க வெளியில் இருந்த சாதம், காலை 7 மணிக்கு டிபன் பாக்ஸில் ஏறி, 12.30 மணிக்குத்தான் திறக்கப்படுகிறது. கிருமிகளுக்கு இரண்டு ஷிப்ட் கிடைத்த மாதிரி. பிள்ளைகளுக்குக் கலந்த சாதம் என்றால் காலையில் வடித்ததையே கிளறிக் கொடுங்கள். முந்தின நாள் சாதத்தை, அது ஃப்ரிட்ஜில் இருந்ததே ஆனாலும், வீட்டில் சூடாகச் சாப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வடித்தோம், எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்று ஞாபகமே இல்லையா? 'சோத்தைக் கொட்டுறதா'ன்னு மனசு கேட்காதுதான். ஆனாலும் கொட்டிவிடுங்கள். நாளையில் இருந்து அரை டம்ளர் அரிசியைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள், மிஞ்சுகிற தலைவலியே இருக்காது.