நாய்க்கு நகம் வெட்டத் தெரியுமா?

"அதென்ன, நாய்க்கு நகம் வெட்டுவது? எங்கள் தாத்தா காலத்தில் யார் வெட்டினார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். தாத்தா வீட்டு நாய்க்கு யாரும் நகம் வெட்டவில்லை. அது காலையில் வயலுக்குப் போயிற்று. வரப்பில் ஓடிற்று. மண்ணிலும் கல்லிலும் பட்டு, நகம் தானாகவே தேய்ந்தது.

இன்றைய நாயின் கதை வேறு. அது மாடி வீட்டில் இருக்கிறது. வழவழப்பான தரையில் நடக்கிறது. பாதிப் பொழுது சங்கிலியில் கிடக்கிறது. நகம் தேய வழி ஏது? ஆனால் வளர்வது மட்டும் நிற்பதில்லை.

மணி நொண்டியது!

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு நாயின் பெயர் மணி. வயது 11.

ஒரு நாள் மணி நொண்ட ஆரம்பித்தது. "வயசாகிவிட்டது. வாதமாக இருக்கும்" என்றார் பெரியவர். தைலம் தடவினார். நொண்டல் நிற்கவில்லை.

மிருக டாக்டரிடம் அழைத்துப் போனோம். டாக்டர் முன்னங்காலைத் தூக்கினார். முடியை விலக்கிக் காட்டினார். காலின் உட்புறத்தில், தரையில் படாமல் சற்று மேலே ஒரு நகம் இருக்கிறது அல்லவா? அந்த நகம் அரிவாள் போல வளைந்து, சதைக்குள் குத்தி இறங்கியிருந்தது! சுற்றிலும் சீழ்.

"எத்தனை நாளாக இப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

பெரியவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "வாயில்லா ஜீவன். தினமும் சோறு வைக்கிறேன். ஒரு நாளாவது காலைத் தூக்கிப் பார்த்தேனா?" என்று கண் கலங்கினார்.

டாக்டர் நகத்தை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி, மருந்து கொடுத்தார். கொஞ்ச நாளில் மணி பழையபடி நடந்தது.

18 நகம், 20 நகம்

நாய்க்குட்டி வாங்கும்போது நகத்தை எண்ணிப் பார்ப்பவர்கள் நம் ஊரில் உண்டு. முன்னங்கால்களில் ஐந்து ஐந்தாகப் பத்து. பின்னங்கால்களில் நான்கு நான்காக எட்டு. ஆக மொத்தம் 18. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் ஐந்தாவது நகம் இருக்கும். அப்போது 20.

வாங்கும்போது எண்ணுகிறவர்கள், வளர்க்கும்போதும் எண்ண வேண்டும். அந்த ஐந்தாவது நகம்தான் மோசக்காரன். தரையில் படாததால் அது தேய்வதே இல்லை. முடிக்குள் மறைந்து வளரும். மணியை நொண்ட வைத்தது அதுதான்.

மற்ற நகங்கள் நீண்டாலும் தொல்லைதான். நகம் தரையில் முட்டி, விரலை மேலே தள்ளும். நாய் காலைச் சரியாக ஊன்ற முடியாது. வழவழப்பான தரையில் வழுக்கும். நகம் எதிலாவது மாட்டி, பிய்ந்து போவதும் உண்டு.

நகம் நீண்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நாய் தரையில் நடக்கும்போது "டக், டக்" என்று சத்தம் கேட்டால், வெட்ட வேண்டிய வேளை வந்துவிட்டது. வீட்டு நாய்க்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை வெட்ட வேண்டியிருக்கும்.

நகத்துக்குள் உயிர்!

நம் நகத்தின் நுனியை வெட்டினால் வலிப்பதில்லை. நாயின் நகம் அப்படியல்ல. நகத்தின் உள்ளே பாதி தூரத்துக்கு மேல் ஓர் உயிர்ச்சதை ஓடுகிறது. அதில் ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதை வெட்டிவிட்டால் ரத்தம் கொட்டும். நாய் வலியால் துடிக்கும். அடுத்த முறை நகவெட்டியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும்!

வெள்ளை நகமாக இருந்தால் கவலை இல்லை. உயிர்ச்சதை இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். அதற்கு அரிசி அகலம் முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கறுப்பு நகம்தான் சோதனை. உள்ளே இருப்பது தெரியாது. ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. சீவுவது போல, மெல்லிய துண்டாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளுத்துப் பொருபொருவென்று இருக்கும். நடுவில் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு புள்ளி தெரிந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு அப்பால் உயிர்ச்சதை!

வெட்டுவது எப்படி?

நாய்க்கென்றே கத்தரிக்கோல் போன்ற நகவெட்டி விற்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும். நாம் வெட்டிக்கொள்ளும் நகவெட்டி, பெரிய நாயின் நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும். மழுங்கிய கருவியும் ஆகாது.

முதல் நாளே வெட்ட உட்காராதீர்கள். சில நாட்கள் காலைத் தொட்டு, விரல்களைத் தடவிப் பழக்குங்கள். பிறகு நகவெட்டியைக் காட்டி, முகர விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தின்பண்டம் கொடுங்கள். பயம் தெளிந்த பிறகு ஒரு நகம், அடுத்த நாள் இரண்டு நகம் என்று வெட்டலாம். 18 நகத்தையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை.

நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒருவர் நாயை அணைத்துப் பிடித்துப் பேச்சுக் கொடுக்கட்டும். மற்றவர் வெட்டட்டும். குதிரைக்கு லாடம் அடிக்கிறவர் காலைப் பின்னால் மடக்கிப் பிடிக்கிறாரே, அது போல மெதுவாக மடக்கினால் நகத்தின் அடிப்பக்கம் நன்றாகத் தெரியும். காலைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். வலிக்கும். சிறு பிள்ளைகளின் கையில் நகவெட்டியைக் கொடுக்காதீர்கள்.

வெகு நாளாக வெட்டாமல் விட்ட நகத்தில் உயிர்ச்சதையும் கூடவே நீண்டிருக்கும். அதை ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒரு முறை நுனியை மட்டும் எடுத்து வந்தால், சதை மெல்லப் பின்வாங்கும்.

ரத்தம் வந்துவிட்டால்?

பதறாதீர்கள். நீங்கள் பதறினால் நாயும் பதறும். சோள மாவு அல்லது மைதா மாவைக் கையோடு வைத்திருங்கள். நகத்தின் நுனியில் மாவை அப்பி, சுத்தமான துணியால் ஐந்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். அரைமணி நேரமாகியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

நம் வீடுகளில் காயத்துக்குக் காப்பித்தூள் வைக்கும் பழக்கம் உண்டு. நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். நாய் காயத்தை நக்கும். காப்பி நாய்க்கு ஆகாது. மண்ணெண்ணெயும் கூடாது.

நாய் பயந்து உங்களைப் பிறாண்டினாலோ கடித்தாலோ, "நம் வீட்டு நாய்தானே!" என்று இருந்துவிடாதீர்கள். அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். வெறிநோய் கண்டுவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. நாய்க்கும் தடுப்பூசியைத் தவறாமல் போட்டு வையுங்கள்.

உறுமுகிற நாய், பல்லைக் காட்டுகிற நாய், நகம் சதைக்குள் இறங்கிவிட்ட நாய் ஆகியவற்றை வீட்டில் தொடவே வேண்டாம். அவை டாக்டரின் வேலை.

இன்று பாருங்கள்

எங்கள் தெருப் பெரியவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் திண்ணையில் உட்காருகிறார். ஒரு கையில் நகவெட்டி. மறு கையில் பிஸ்கட். முதலில் காலை இழுத்துக்கொண்டு ஓடிய மணி, ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இப்போது பெரியவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாலே, பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறது!

உங்கள் வீட்டில் நாய் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அதன் காலைத் தூக்கிப் பாருங்கள். முடியை விலக்கி, அந்த ஐந்தாவது நகத்தைத் தேடுங்கள். இன்றைக்கு வெட்ட வேண்டாம். பார்த்தால் போதும்.